பிரவுசர் பாதுகாப்பு: சேலத்து நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஐந்து ரோடு பக்கம் பல வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிரவுசர் பாதுகாப்பு பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று நம் ஊர்க் குழுவில் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

சிவதாபுரம், கொலுசுப் பட்டறை: அண்ணா, குரோம் மூலையில் அப்டேட் பண்ணச் சொல்லி ஒரு மாதமாகக் காட்டுகிறது. பில் டேப் எல்லாம் திறந்தே இருப்பதால் அப்படியே விட்டுவிட்டேன். ஆபத்தா?

ஆபத்துதான் தம்பி. குரோம் புதிய பதிப்பைத் தானாகவே இறக்கி வைத்துவிடும். ஆனால் நீங்கள் மூடித் திறக்கும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். கெட்டவர்கள் உள்ளே நுழைய வழிவிடும் பிழையைத்தான் ஓட்டை என்கிறோம். அதை அடைக்கும் மருந்து உங்கள் வீட்டுக்கே வந்தும் பிரிக்காமல் கிடக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. குரோமுக்கு அடிப்படையான குரோமியம் நிரல் எல்லோரும் படிக்கக்கூடியது. கூகுள் ஓர் ஓட்டையை அடைத்ததும், எந்த வரி மாறியது என்று கெட்டவர்களும் பார்ப்பார்கள். எங்கே பூசியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், பூசாத வீட்டில் எங்கே இடிப்பது என்றும் தெரிந்துவிடும். ஆக, திருத்தம் வந்த பிறகுதான் அப்டேட் செய்யாதவருக்கு ஆபத்து கூடுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டிலிருந்து குரோமுக்கு வாரம் ஒரு பாதுகாப்பு அப்டேட் வருகிறது. நீங்கள் ஒரு மாதம் விட்டிருக்கிறீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்று புள்ளி, ஹெல்ப், அபௌட் குரோம் என்று போய் ரீலாஞ்ச் அழுத்துங்கள். டேப் எல்லாம் திரும்ப வந்துவிடும், ஹிஸ்டரி தங்காத இன்காக்னிட்டோ ஜன்னல் மட்டும் வராது. பாதி நிரப்பிய ஜிஎஸ்டி படிவம் இருந்தால் முதலில் சேமித்துவிடுங்கள். சாயங்காலம் பட்டறை சாத்தும்போது இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு, ஹோம்ஸ்டே நடத்துபவர்: சார், எதையும் டவுன்லோடு பண்ணாமல் வெறும் படத்தைப் பார்த்தாலே கம்ப்யூட்டரைப் பிடித்துவிட முடியுமா?

முடியும், நடந்தும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நிரல் தொகுப்பில் ஓர் ஓட்டை தெரியவந்தது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் எல்லாமே அந்த ஒரே தொகுப்பைப் பயன்படுத்தியதால் எல்லோரும் அவசரமாக அப்டேட் விட்டார்கள். அதற்கு முன்பே யாரோ அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் கூகுள் ஒப்புக்கொண்டது.

உங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். காபிக் கொட்டை காயப்போடும் களத்தில் பத்து மூட்டைக்குத்தான் இடம். பன்னிரண்டைக் கொட்டினால் பக்கத்துக்காரர் களத்தில் சரியும். அந்த ஓட்டை வழியாக நுழைய அனுப்பும் படமும் அப்படித்தான். ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டிக் கொட்டும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டது. பக்கத்தில் சரிகிற கொட்டையைக் கெட்டவன் கவனமாகப் பொறுக்கி வைத்தால், பிரவுசரைத் தன் சொல்படி ஆட்டலாம். குரோமியத்தில் கண்ட கடுமையான ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இப்படி நினைவகத்தைக் கையாள்வதில் வந்த பிழைதான் என்று அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது.

பயந்துவிடாதீர்கள். பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் பூட்டிய அறைக்குள் வைத்தே ஓட்டுகிறது. ஓர் ஓட்டை வழியாக அறைக்குள் வந்தவன் வெளியே வர, பெரும்பாலும் இன்னோர் ஓட்டை வேண்டும். அப்டேட் ஆன பிரவுசரில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரிது.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இன்னும் நன்றாக ஓடுகிறது. பென்ஷன் கணக்கை அதில்தான் பார்க்கிறேன். பரவாயில்லையா?

வேண்டாம் ஐயா, தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பின் கண்ட ஓட்டைகளில் அந்தப் பழைய பதிப்பிலும் இருப்பவை உங்கள் கம்ப்யூட்டரில் திறந்தேதான் இருக்கின்றன. பொருள் நன்றாக இருந்தால் தூக்கிப் போட மனசு வராது, எனக்கும் அப்படித்தான். 4 ஜிபி ரேம் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். புது ஃபயர்ஃபாக்ஸ் அதில் ஓடும். அதுவரை பென்ஷனை வங்கிக்கே போய்ப் பாருங்கள்.

அம்மாபேட்டை, ஜவுளி வியாபாரம்: திரையின் வலது மூலையில் உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. ஒரு போன் நம்பரும் இருக்கிறது.

அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள் அக்கா. இதே தொல்லையோடு ஒரு லேப்டாப் போன வாரம் கடைக்கு வந்தது. திறந்த இரண்டு நிமிடத்தில் ஏழு எச்சரிக்கை, அத்தனையும் சிவப்பு எழுத்தில். அலசிப் பார்த்தால் வைரஸ் ஒன்றுகூட இல்லை. ஏதோ ஒரு படம் பார்க்கும் தளம், "நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது, அவரும் அழுத்தியிருக்கிறார். அது நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி.

செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும், தெரியாத பெயரை எல்லாம் நீக்குங்கள். ஏற்கெனவே கூப்பிட்டு, அவர்கள் சொன்ன செயலியைப் போட்டுத் திரையைக் காட்டியிருந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஆத்தூர், கல்லூரி மாணவர்: என் குரோமில் 14 எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. எல்லாம் கூகுள் ஸ்டோரில் எடுத்ததுதான்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிச் செயலி. ஸ்டோரில் எடுத்தது என்பது மட்டும் போதாது தம்பி. தி கிரேட் சஸ்பெண்டர் என்று லட்சக்கணக்கானோர் நம்பிய எக்ஸ்டென்ஷன் 2020-ல் வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் அதில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே முடக்கியது. போட்ட அன்று நல்லதாக இருந்தது, அப்டேட்டில் கெட்டுப்போனது. "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கலாம்" என்ற அனுமதி உள்ளவற்றை முதலில் பாருங்கள். தினமும் தேவைப்படாததை நீக்குங்கள்.

ஓமலூர்: இன்காக்னிட்டோவில் பார்த்தால் பாதுகாப்புதானே?

இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி தங்காது, அவ்வளவுதான். பிரவுசரில் ஓட்டை இருந்தால் இன்காக்னிட்டோ அதை அடைக்காது.

நாகலூர், எஸ்டேட் வேலை: எங்களுக்கு போன் மட்டும்தான் அண்ணா. மலையில் சிக்னலும் சுமார்தான்.

அடிவாரத்துக்கு இறங்கும் நாளில் பிளே ஸ்டோரைத் திறந்து இரண்டை மட்டும் அப்டேட் பண்ணிவிடுங்கள். ஒன்று குரோம், இன்னொன்று ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ. மற்ற ஆப்களுக்குள்ளேயே இணையப் பக்கம் திறக்கிறதே, அதில் பெரும்பாலும் ஓடுவது இந்த வெப்வியூதான். பலர் அதன் பெயரைப் பார்த்து ஏதோ தேவையில்லாதது என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.