வெளிநாட்டு வேலையில அடிபட்டா வக்கீலுக்குக் காசு இல்லையே: மூணு கேள்வி

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி: சார், என் தம்பி சிங்கப்பூர் சைட்ல சாரத்துலேர்ந்து விழுந்து கை ஒடிஞ்சிருச்சு. பெல்ட் போடாதது உன் தப்பு, பணம் வராது, டிக்கெட் போட்டுத் தர்றோம் ஊருக்குப் போங்கறாங்க. வக்கீல் வைக்க வசதியில்ல.

அந்த டிக்கெட்ட மட்டும் வாங்க வேணாம்னு இன்னிக்கே போன் போட்டு சொல்லும்மா. அங்க வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா "விக்கா"ன்னு சொல்வாங்க, அதுல யார் தப்புன்னே பாக்க மாட்டாங்க, வேலை செய்யறப்ப அடிபட்டா போதும், குடிச்சிருந்தாலோ அடிதடியில பட்டிருந்தாலோதான் சிக்கல். வக்கீலே தேவையில்ல, மனிதவள அமைச்சுல க்ளெய்ம் போடணும், விபத்து நடந்து 1 வருஷத்துக்குள்ள. ஆஸ்பத்திரி செலவும் மெடிக்கல் லீவு நாளுக்கு சம்பளமும் முதலாளி பொறுப்பு, கை பழையபடி வரலன்னா டாக்டர் போடற சதவீதத்துக்குத் தகுந்த மாதிரி மொத்தமா ஒரு தொகை.

பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா கேஸும் போச்சுன்னு பயப்படுவான், அப்படி இல்ல, க்ளெய்ம் நடக்கறப்ப தங்கறதுக்கு ஸ்பெஷல் பாஸ்னு குடுப்பாங்க. ஆனா அதுல பொதுவா வேலை பாக்க விட மாட்டாங்க, இதுதான் பெரிய கொடுமை. நெலத்த ஒத்திக்கு வச்சு ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டுப் போன புள்ள, இங்க வட்டி ஏற ஏற மாசக்கணக்கா சும்மா உக்காந்திருக்கணும், பல பேரு இந்த எடத்துலதான் ஒடைஞ்சு போய் கெடைச்சத வாங்கிட்டு வந்துடறாங்க. வீட்டுல இருக்கறவங்க தயவுசெஞ்சு "எப்ப பணம் அனுப்புவ"ன்னு கேட்டு நெருக்காதீங்க. லிட்டில் இந்தியாவுல டிடபிள்யூசி2ன்னு ஒரு அமைப்பு இவங்களுக்கு இலவச சாப்பாடு போடுது, கேஸுக்கும் வழி சொல்லும், ஹோம்னு இன்னொண்ணும் இருக்கு.

"கோர்ட்டுக்குப் போனா டபுளா வாங்கித் தர்றோம்"னு யாராவது வந்தா அவசரப்பட வேணாம். அதுல முதலாளி தப்புன்னு நாமதான் நிரூபிக்கணும், விக்கா, கோர்ட்டுன்னு ரெண்டுலயும் சேத்து வாங்க முடியாது, ஏதாவது ஒண்ணுதான். அந்த ஊரு அரசாங்க சட்ட உதவி அவங்க குடிமக்களுக்கும் பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை, வச்சிருக்கறவங்களுக்கும் மட்டுந்தான்.

பட்டுக்கோட்டை: மலேசியாவுல மில்லு மெஷின்ல அண்ணனுக்கு ரெண்டு வெரல் போச்சு. ஏதாவது கெடைக்குமா?

பெர்மிட்டுல இருந்தா கெடைக்கும். 2019 ஜனவரிலேர்ந்து வெளிநாட்டுத் தொழிலாளிங்களும் சொக்சோவுல, அதாவது அந்த நாட்டு அரசாங்கத்தோட தொழிலாளர் காப்பீட்டுல, வந்துட்டாங்க. முதலாளி பேர் பதிஞ்சிருக்காரான்னு சொக்சோ ஆபீஸ்லயே நேரா கேக்கச் சொல்லுங்க.

திருத்துறைப்பூண்டி அக்கா: வீட்டுக்காரர் வளைகுடாவுல வேலைல இறந்துட்டாரு. ஏஜென்ட் பவர் பத்திரத்துல கையெழுத்து கேக்கறாரு.

போடாதீங்கக்கா. முதல்ல திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டத்துலயே இருக்கு, போன்னா 15100. பத்தாவது பாஸ் பண்ணாம ஈசிஆர் பாஸ்போர்ட்டுல எமிக்ரேஷன் க்ளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக நம்ம அரசாங்க அனுமதி, வாங்கிப் போயிருந்தா பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் எடுத்திருப்பாங்க, விபத்துல இறந்தா 10 லட்சம், இத ஏஜென்ட் வாயத் தொறந்து சொல்ல மாட்டான், பழைய பேப்பர் எல்லாத்தையும் தேடிப் பாருங்க. கம்பெனி தர வேண்டிய பாக்கிக்கும் இழப்பீட்டுக்கும் நம்ம வெளியுறவு அமைச்சகத்தோட மதத்ங்கற (MADAD) போர்ட்டல்ல புகார் போட்டா தூதரகத்துக்குப் போகும். பவர் குடுத்தே ஆகணும்னாலும் அந்த இலவச வக்கீல் வரிக்கு வரி படிச்சுப் பாத்து, பணம் உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்குத்தான் வரணும்னு எழுதின பெறகு குடுங்க.