கரப்பான்பூச்சியின் காலில் ஊசி செருகி, நரம்பின் மின்துடிப்புகளைத் திரையில் பதிவு செய்கிறேன். அந்தக் காலை அழுத்தினால் துடிப்பின் உயரம் ஏன் மாறுகிறது?

உயரத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். அழுத்தம் கூடும்போது நியூரானின் (நரம்பு செல்லின்) துடிப்பு உயர்வதில்லை; அடிக்கடி வருகிறது. தவளைத் தசையில் எடையைத் தொங்கவிட்டு, ஒற்றை உணர்நரம்பில் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் எட்கர் ஏட்ரியன் 1926-இலேயே இதைக் காட்டிவிட்டார்.

அப்படியானால் உங்கள் திரையில் சிறிதும் பெரிதுமாகக் கோடுகள் எப்படி? ஊசி ஒரு நியூரானை மட்டும் கேட்பதில்லை. தடித்த நரம்பிழையும், ஊசியை ஒட்டியிருப்பதும் உயரமாகத் தெரியும். பலமாக அழுத்தினால் சும்மா இருந்த நியூரான்களும் சேர்ந்துகொள்கின்றன.

பல்குச்சியால் கரப்பான் காலிலுள்ள ஒரே ஒரு முள்ளை மட்டும் மெல்லத் தள்ளுங்கள். ஒரே உயரத் துடிப்புகளை முதல் அரை நொடிக்குள் எண்ணுங்கள். தள்ளியே வைத்திருந்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். காலையில் போட்ட சட்டை உடம்பில் இருப்பதை மதியம் நாம் உணர்கிறோமா என்ன?

இன்னொன்று. சேலத்து மதியப் பதிவையும் ஏற்காட்டு விடுதியின் விடியற்காலைப் பதிவையும் அருகருகே வைத்திருக்கிறீர்கள். அந்த ஒப்பீடு செல்லாது. குளிரில் துடிப்பு அகலமாகும், எண்ணிக்கை குறையும். நானே ஒருமுறை அங்கே, ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு, கரப்பான் கால் செத்துவிட்டதென்று தூக்கி எறிந்திருக்கிறேன். வெயில் ஏறும்வரை பொறுத்திருக்கலாம்.