அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்

வாசகர் கேள்வி பதில்: சட்டம்

கேள்வி: எங்கள் வீடு கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன். அப்பா 1986-ல் கோயம்புத்தூர் பக்கம் கீழே இறங்கி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) ஷீட் கம்பெனியில் சேர்ந்தார். முதல் சில வருடம் கான்ட்ராக்ட், அப்புறம் பெர்மனன்ட். 2012-ல் வேலையை விட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். இரண்டு வருடம் முன்னால் மூச்சு வாங்க ஆரம்பித்தது, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். டிபி என்று 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சில் நீர் எடுத்து எடுத்து, கடைசியில் பயாப்சி செய்து மீசோதெலியோமா, நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் என்றார்கள். 2025 மார்ச் 14 அன்று இறந்துவிட்டார், வயது 66. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து அம்மாவிடம் 50 ஆயிரம் கொடுத்து ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்டார்கள். அம்மா இன்னும் போடவில்லை. நாங்கள் என்ன செய்யலாம்? (ஒரு மகள், கோத்தகிரி)

பதில்: சகோதரி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தப் பேப்பரில் கையெழுத்து வேண்டாம். ஒருவேளை இதற்குள் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ன் 17-வது பிரிவு, இழப்பீடு கேட்கும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. சாவுக்கான இழப்பீட்டை, இந்தச் சட்டப்படி விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துவிட்டு "கணக்கு முடிந்தது" என்று சொல்ல முடியாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குன்னூரில் நான் வக்கீலாக இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு அம்மா வந்தார், 30 ஆயிரம் வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தவர். "சாமி, நான் எழுதிக் கொடுத்துட்டேனே, இனிமே பேச முடியாதே" என்று 3 வருடம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அந்தக் கைநாட்டு அவரைத் தடுத்திருக்காது. தடுத்தது அந்த 3 வருடம்தான்.

ஏனென்றால் இதில் கெடு இருக்கிறது. இறந்த நாளிலிருந்து 2 வருடம். உங்களுக்கு 2027 மார்ச் 13. அதற்குப் பிறகும் நியாயமான காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கச் சொல்லலாம், ஆனால் அது ஆணையரின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

இந்த நோய் வேலையால் வந்ததுதான் என்று எப்படி நிரூபிப்பது என்ற கவலை உங்களுக்கு இருக்கும். சட்டம் இங்கே கொஞ்சம் உங்கள் பக்கம். அந்தச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும் தொழில்நோய் என்றே எழுதியிருக்கிறது. 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலையில் இருக்கும்போதே நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. வேலையை விட்ட பிறகு வந்திருந்தால், அது அந்த வேலையால்தான் என்று நாம் காட்ட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இரண்டாவதுதான். அதனால்தான் பயாப்சி ரிப்போர்ட் இவ்வளவு முக்கியம். மீசோதெலியோமாவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் தூசுதான் முதன்மைக் காரணம், புகைப்பிடிப்பது இதற்குக் காரணமில்லை, தூசு பட்டு 20 முதல் 50 வருடம் கழித்தும் வரும். 1986-ல் அந்த வேலையில் சேர்ந்த மனிதருக்கு 2024-ல் நோய் தெரிவது மருத்துவத்தில் எதிர்பார்க்கக்கூடிய கால இடைவெளிதான். "அவர் போய் 12 வருடம் ஆகிவிட்டதே, எங்களுக்கென்ன" என்று கம்பெனி சொல்லும், சொல்லட்டும்.

இப்போது பேப்பர் வேலை. முதலில் ஆஸ்பத்திரி. உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம்தான் வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ம் வருட விதிகள் சொல்கின்றன, கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன், பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றோடும் இன்னொன்றையும் கேளுங்கள்: பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைத்த பிளாக். அதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் பின்னால் "இது மீசோதெலியோமாவே இல்லை" என்று எதிர்த்தரப்பு டாக்டர் சொன்னால், அந்தச் சின்ன மெழுகுக் கட்டியைத்தான் இன்னொரு லேப்புக்கு அனுப்ப முடியும்.

அப்புறம் இறப்புச் சான்றிதழ். அதில் காரணம் இருக்காது, தேடிப் பார்த்து ஏமாற வேண்டாம். சாவின் காரணத்துக்கு மருத்துவர் எழுதும் தனிச் சான்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் படிவம் 4, வீட்டில் என்றால் படிவம் 4ஏ. அதன் நகல் நெருங்கிய உறவினருக்குக் கிடைக்க வேண்டும். அதில் "மாரடைப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால், சிகிச்சை பார்த்த டாக்டரிடம் அடிப்படை நோய் மீசோதெலியோமா என்று தெளிவுபடுத்தும் கடிதம் வாங்குங்கள்.

கம்பெனிப் பக்கம். வீட்டில் டிரங்குப் பெட்டி இருந்தால் அடிவரை கவிழ்த்துப் பாருங்கள். சம்பளச் சீட்டு, பிஎஃப் சீட்டு, கேட் பாஸ், பழைய ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு, கூட வேலை பார்த்தவர்களோடு எடுத்த போட்டோ, எது கிடைத்தாலும் வையுங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேர் உயிரோடு இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள், அவர்களுக்கும் அதே மூச்சு வாங்கல் இருக்கலாம், காத்திருக்க நேரம் இருக்காது. அடுத்தது ரொம்ப முக்கியம். 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருடம், எது பிந்தையதோ அதுவரை ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே தீர்ப்பில்தான் தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. உங்கள் அப்பா 1986-ல் சேர்ந்தார், 2012-ல் விட்டார், கூட்டிப் பாருங்கள்: 2027 வரை அந்தப் பதிவு கம்பெனியில் இருந்தாக வேண்டும். "பழைய ரெக்கார்டெல்லாம் போய்விட்டது" என்று சொன்னால் அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பதிலே ஆணையர் முன்னால் ஒரு ஆதாரம். தூசு அளவு எடுத்த அறிக்கைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது? உங்கள் கடிதத்தில் ஈஎஸ்ஐ பற்றி ஒன்றுமே இல்லை, ஆனால் எல்லாம் அதில்தான் பிரிகிறது. அப்பா சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்திருந்தால், ஆணையரிடம் போக முடியாது, ஈஎஸ்ஐ கழகத்திடம் சார்ந்தோர் பலன் கேட்க வேண்டும். இது மாதாமாதம் வரும் பணம். சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்து, அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு. தொழில்நோயா என்று அவர்களுடைய மருத்துவக் குழு பார்க்கும், அதனால் மேலே சொன்ன ரிப்போர்ட்டுகள் எல்லாம் அங்கேயும் தேவை. ஈஎஸ்ஐ இல்லையென்றால் ஆணையரிடம் மனு. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமே போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம், குன்னூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். இழப்பீட்டுக் கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். 65 வயதுக்கு மேல் அது 99.37. சம்பளம் 10,000 என்று எடுத்தால் 5,000 பெருக்கல் 99.37, அதாவது 4,96,850 ரூபாய். சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் 15,000 என்ற உச்சவரம்புக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் 1,20,000-க்குக் குறையாது. தாமதித்தால் 12 சதவீத வட்டி, நியாயமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம். அந்த 50 ஆயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழில் உங்கள் பெயர், தம்பி பெயர் எல்லாம் வரும். ஆனால் இந்தச் சட்டம் பார்ப்பது வாரிசை அல்ல, சார்ந்து வாழ்ந்தவரை. மனைவி, மைனர் மகன், கல்யாணம் ஆகாத மகள், விதவைத் தாய் முதலானோர்தான் அந்தப் பட்டியலில் முதலில். நீங்கள் கல்யாணம் ஆனவர் என்றால் உங்கள் பெயரில் போட்டால் தள்ளிவிடுவார்கள். மனுதாரர் அம்மாதான்.

உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு வழக்கும் போடலாம், 1855-ன் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தில், அதற்கும் 2 வருடம்தான் கெடு. ஆனால் ஆணையரிடமும் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் போக முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், அம்மாவின் வயதுக்கு ஆணையர் வழிதான், கோர்ட் வாய்தாவுக்கு அவரால் அலைய முடியாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது, அப்பா அதற்கு முன்பே இறந்ததால் உங்கள் உரிமை பழைய சட்டத்தில் உருவானது, மனு எழுதும்போது வக்கீலிடம் இதை நினைவுபடுத்துங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம், 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஷீட் கம்பெனி வேலைக்காரர்கள் சனிக்கிழமை பஸ்ஸில் ஏறும்போது கல்நார் வந்த காலி சாக்கைச் சுருட்டிக் கையில் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்தால் உருளைக்கிழங்கு கட்ட, வாசலில் போட, குழந்தையைப் படுக்கவைக்க. அம்மா அப்பாவின் சட்டையை உதறித் துவைத்திருப்பார். அந்தத் தூசு அவர் மூச்சிலும் போயிருக்கலாம். அவருக்கு இருமலோ நெஞ்சில் பாரமோ இருந்தால் மார்பு டாக்டரிடம் கூட்டிப்போய், "என் வீட்டுக்காரர் கல்நார் தூசில் வேலை பார்த்தவர்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் பக்கம் வில்பட்டி. அப்பா திண்டுக்கல்லில் லாரி பட்டறையில் 18 வருடம் பிரேக் வேலை, பீடியும் பிடிப்பார். நுரையீரல் புற்றுநோயில் 2022-ல் இறந்தார். டாக்டர் புகைப்பழக்கம் என்று எழுதிவிட்டார். இனி ஒன்றும் முடியாதா?

பதில்: தம்பி, பீடி பிடித்தார் என்பதாலேயே வழக்கு செத்துவிடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, டிரம்மைக் கழற்றி ஏர் அடித்துத் தூசைப் பறக்கவிடுவது பட்டறை வழக்கம், முகத்துக்கு ஒரு கைக்குட்டைதான். புகையும் கல்நார் தூசும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகப் பெருகும், ஒன்று மற்றதை இல்லாமல் ஆக்குவதில்லை. ஆனால் மீசோதெலியோமாவில் நோயின் பெயரே சாட்சி சொல்லும், நுரையீரல் புற்றுநோயில் அப்படி இல்லை, ஸ்கேனில் நுரையீரல் உறையில் தடிப்புத் திட்டுகள் இருந்தனவா என்று மார்பு நோய் மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டும். 2 வருடம் தாண்டிவிட்டது, தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துத்தான் போட வேண்டும். "தொழில்நோய் என்றே எங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை" என்பது சொல்லத் தகுந்த காரணம், ஆனால் தெரிந்த நாளுக்குப் பிறகு நீங்கள் சும்மா இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதனால் இந்த மாதமே. உங்கள் ஊரிலேயே பாருங்கள், 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்துக்காக முன்னாள் தொழிலாளர்கள் விடாமல் நின்று, 2016-ல் 591 பேருக்கு உடன்பாடு வாங்கினார்கள். சேர்ந்து நின்றதால் வந்தது அது. அந்தப் பட்டறையில் உடன் இருந்தவர்களில் வேறு யாருக்காவது இதே நோயா என்று கேளுங்கள். மனு திண்டுக்கல் மாவட்டத்துக்கான ஆணையரிடம்.

கேள்வி: அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய்க்குக் கோடிக்கணக்கில் கிடைக்கிறதாமே? என் மாமா கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்தவர், மீசோதெலியோமாவில் இறந்தார். (கூடலூர்)

பதில்: அங்கே ஒரு பெரிய ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி 1982-ல் திவால் மனு போட்டு, அப்புறம் நோயாளிகளுக்கென்றே ஒரு அறக்கட்டளை நிதி அமைத்தது. அந்த வழியில் பல நிதிகள் வந்தன. ஆனால் அது எல்லாருக்கும் இல்லை, அந்தக் கம்பெனியின் பொருளிலிருந்துதான் தூசு பட்டது என்று காட்ட வேண்டும். கோத்தகிரி சகோதரியின் அப்பாவுக்கு இது பொருந்தாது. உங்கள் மாமாவுக்குப் பொருந்தலாம். அவருடைய சிடிசி புத்தகம், அதாவது கப்பல் பணிப் பதிவுப் புத்தகம் இருக்கிறதா? எந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். கப்பலின் கொடி எந்த நாடு, முதலாளி யார் என்பதை வைத்துத்தான் எந்த நாட்டில் கேட்பது என்று தெரியும். அந்தப் புத்தகத்தை எரித்துவிடவோ பழைய பேப்பருக்குப் போடவோ வேண்டாம் என்று அத்தையிடம் இன்றே சொல்லுங்கள். முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளிடம் ஒரு பேப்பரையும் அசலாகக் கொடுக்காதீர்கள்.