ஒட்டிக்கொண்ட லெகோ துண்டுகளைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: ஒரே அளவுள்ள இரண்டு மெல்லிய லெகோ தட்டுகள் இறுகிவிட்டன. என் மகன் பல்லால் கடித்து இழுக்கிறான். கத்தியால் நெம்பலாமா? பெட்டியில் வந்த, துண்டுகளைப் பிரிக்கும் ஆரஞ்சு நிறக் கருவிக்கு வேறு பயன் உண்டா?

பதில்: பல்லும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். லெகோ துண்டுகள் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை; அதில் பதிந்த தடம் அழியாது. கத்தி வழுக்கினால் விரல்தான் வெட்டுப்படும். 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட வடிவமைப்பின்படி, மேலுள்ள குமிழ்கள் அடுத்த துண்டின் உட்குழல்களுக்கும் சுவருக்கும் இடையே நெருக்கிப் பிடிபடுகின்றன. கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தட்டின் உயரமோ அதில் மூன்றிலொரு பங்கான 3.2 மி.மீ. மட்டுமே. ஆகவே விரலுக்குப் பிடியே கிடைக்காது. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பும் இருக்காது.

கருவி இல்லாதபோது, மேலும் கீழும் உயரமான கட்டைகளை இயன்றவரை அதிகக் குமிழ்களில் பொருத்திக்கொண்டு, நேராக இழுக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்தால், குமிழ்கள் வரிசை வரிசையாக விடுபடும். பிடிக்காகப் பொருத்திய கட்டையே சில நேரம் கழன்றுவிடும். அப்போது சாய்க்கும் பக்கத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டு கருவிகள் இருந்தால் வேலை மிக எளிது: ஒன்றை மேல் தட்டின் மீதும், மற்றொன்றைக் கீழ்த் தட்டின் அடியிலும், கைப்பிடிகள் ஒரே பக்கம் நீளுமாறு பொருத்தி, இரு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்துங்கள். தனியாக விற்கப்படும் இக்கருவியில் இன்னொன்றை வாங்கி வைப்பது வீண் செலவன்று என்பது என் கருத்து. குமிழில்லாத வழவழப்பான ஓடுகளை அதன் மெல்லிய விளிம்பால் நெம்பலாம். துளையில் சிக்கிய அச்சுத்தண்டை, கருவியில் துருத்தியிருக்கும் முனையால் தள்ளலாம். வெந்நீரில் போடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். கழுவும் நீரே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பதுதான் நிறுவனத்தின் அறிவுரை.

மற்றப் பயன்களில் எனக்குப் பிடித்தது ஸ்டிக்கர் ஒட்டுவது: ஸ்டிக்கரின் ஓரத்தை மெல்லிய விளிம்பில் இலேசாக ஒட்டவைத்தால், விரல் படாமல் இடம் பார்த்து நேராகப் பதிக்கலாம். கருவியும் மற்றத் துண்டுகளோடு பொருந்துவதால், அதன் ஆரஞ்சு நிறத்தையும் சரிவையும் பறவையின் அலகாகவோ சறுக்குமரமாகவோ மகன் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பறவையைக் கலைக்க வேறொரு கருவி தேவைப்படலாம்.