படிவத்தில் எந்தச் சொல்? கடலோர இளையோர் குழுவுக்குச் சில யோசனைகள்

கேள்வி: மண்டபம் பக்கம் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு தன்னார்வக் குழு தொடங்கியிருக்கிறோம். கடற்கரைத் துப்புரவு, மாலையில் பாட உதவி இரண்டும் திட்டம். படிவம், அறிவிப்பு, சான்றிதழ் எழுத உட்கார்ந்தால் தொண்டரா, தன்னார்வலரா, ஊக்கத்தொகையா, படியா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: ‘தன்னார்வலர்’ என்றே வையுங்கள். ‘தொண்டர்’ என்றால் கட்சிக் கொடிதான் கண்முன் வரும். வாட்ஸப்பில் ‘வாலன்டியர்’ என்று போட்டாலும் குற்றமில்லை, பிள்ளைகள் வாயில் வருவது அதுதான். படிவத்திலும் சான்றிதழிலும் மட்டும் ஒரே சொல் இருக்கட்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. எனவே ‘தன்னார்வலர் தேவை’ என்றதும் ‘மாசம் எவ்வளவு?’ என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. பதிலைப் படிவத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: ‘இதற்குச் சம்பளமோ ஊக்கத்தொகையோ கிடையாது. வந்துபோகும் செலவு, டிக்கெட்டைக் காட்டினால் திருப்பித் தரப்படும். காலை உணவும் குடிநீரும் உண்டு.’ ஷேர் ஆட்டோவில் டிக்கெட் ஏது? அதற்குத் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். அப்படியின்றி வந்தவர்க்கெல்லாம் தலைக்கு 100 ரூபாய் என்று கொடுத்தால், ‘படி’ என்று பெயர் வைத்தாலும் அது கூலிதான். ஒரு வாரம் பணம் இல்லாமல் போனால் அடுத்த வாரம் ஆள் இருக்காது.

‘இளைஞர் குழு’ என்று பலகை வைத்தால் பையன்களுக்கானது என்றே பெண்பிள்ளைகளின் வீட்டில் நினைப்பார்கள். ‘இளையோர்’ இருபாலருக்கும் பொருந்தும். வயதை ‘18 வயது வரை’ என்று எழுதாதீர்கள். பதினெட்டு நடப்பவரா, முடிந்தவரா என்ற குழப்பம் வரும். ‘18 வயது நிறைந்தவர்’, ‘18 வயது நிறையாதவர்’ என்று பிரியுங்கள். சட்டம் இரண்டாமவரைக் குழந்தை என்றே பார்க்கிறது, ஆகவே அவர்களுக்கு வீட்டாரின் ஒப்புதல் கட்டாயம். அந்த இடத்தில் ‘தந்தை கையொப்பம்’ என்று அச்சடித்துவிட்டால் பல வீடுகளில் படிவம் அப்படியே நின்றுபோகும். கீழக்கரை வீட்டில் அப்பா துபாயில் இருப்பார், பாம்பனில் கடலுக்குப் போயிருப்பார். ‘தாய், தந்தை அல்லது பாதுகாவலர்’ என்று போடுங்கள்.

ஒப்புதல் தாளில் ‘எது நடந்தாலும் குழு பொறுப்பல்ல’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். உங்கள் கவனக்குறைவால் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது, பெற்றவர்களைப் பயமுறுத்த மட்டுமே உதவும். இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், கூட வரும் பெரியவர்கள் யார், தண்ணீரில் இறங்குவது உண்டா இல்லையா என்று எழுதுங்கள். ‘தீவுத் துப்புரவு’ என்று அறிவிக்கவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது.

அதிகத் தகராறு வருவது ‘குப்பை’ என்ற சொல்லில். ‘கடற்கரையைச் சுத்தம் செய்ய வருகிறோம்’ என்றால், நீங்கள் அசிங்கப்படுத்தியதை நாங்கள் அள்ளுகிறோம் என்றுதான் ஊர்க்காரர் காதில் விழும். ‘கரை ஒதுங்கிய கழிவு எடுத்தல்’ என்று போடுங்கள். அதோடு எது கழிவு என்றும் எழுதுங்கள். காயப்போட்ட வலை, கிழிசல் தைக்கக் குவித்திருக்கும் வலை இரண்டும் ஒருவருடைய பிழைப்பு. கடலடித்து வந்து மணலில் பாதி புதைந்து, சிப்பி பிடித்து, மிதவையும் ஈயமும் கழன்றுபோன நைலான் துண்டுதான் ‘கழிவு வலை’. அதையும் கரையில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். புதைந்த வலையைப் பிடித்து இழுக்காமல், மண்ணை விலக்கி வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். இழுத்தால் கை அறுபடும்.

‘சேகரிப்பு’ என்ற சொல்லையும் தவிருங்கள். அதைப் படித்த பிள்ளைகள் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்ளும். பவளம், கடல் அட்டை, கடல்குதிரை மூன்றும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, எடுப்பதே குற்றம். ‘படம் எடுத்துப் பதிவு செய்தல்’ என்பதே சரி. பதிவுத் தாளில் ‘கடல் பசு’ என்று மட்டும் இல்லாமல் ‘ஆவுளியா’ என்றும் சேர்த்துப் போடுங்கள். மீனவர்கள் சொல்லும் பெயர் அதுதான்.

பாட உதவி அறிவிப்பில் ‘மெல்லக் கற்போர்’, ‘ஏழை மீனவக் குழந்தைகள்’ எதுவும் வேண்டாம். ‘6 முதல் 8-ஆம் வகுப்பு, கணக்கு, மாலை 5.30 முதல் 7 வரை’ என்பது போதும்.

சான்றிதழில் ‘பணிபுரிந்தார்’ என்றால் வேலைக்கு வைத்தது போல் ஆகிவிடும். ‘தன்னார்வலராகப் பங்கேற்றார்’ என்று எழுதி, தேதி, செய்த வேலை, மொத்த மணி நேரம் மூன்றையும் குறிப்பிடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்திலேயே 2 ஆண்டில் 240 மணி நேரம் என்றுதான் கணக்கு. கல்லூரியிலும் மணி நேரத்தைத்தான் கேட்பார்கள். வருகைப் பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் என்று இரண்டு கட்டங்களை முதல் நாளே போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் ஆண்டுக் கடைசியில் அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பீர்கள்?