மோன் வான்டூ மலையைச் சைக்கிளில் ஏற முடியுமா? மூன்று பாதைகளில் எது நல்லது?

கேள்வி: "வார இறுதிகளில் சமதளச் சாலையில் 70, 80 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். மலை ஏறிய அனுபவம் அதிகம் இல்லை. வரும் கோடையில் தென் பிரான்சின் மோன் வான்டூவை ஏற விரும்புகிறேன். என்னால் முடியுமா? எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்?"

முடியும். ஆனால் சமதளத்தில் 80 கிலோமீட்டர் ஓட்டும் திறமை இந்த மலையில் நீங்கள் எதிர்பார்க்கும் விதத்தில் உதவாது. பிரான்சில் வசித்த ஆண்டுகளில் இம்மலையை மூன்று பக்கங்களிலிருந்தும் ஏறியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், இங்கே ஏறுபவரின் நாளைத் தீர்மானிப்பது புகைப்படங்களில் எல்லோரும் பார்க்கும் அந்த வெண்மையான மொட்டை உச்சி அன்று. அதற்குக் கீழே, யாரும் படமெடுக்காத காட்டுச் சாலைதான். உங்கள் ஆயத்தம் முழுவதும் அந்தக் காட்டை மனத்தில் வைத்தே அமைய வேண்டும்.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது. புரோவான்ஸ் பகுதியில், வோக்ளூஸ் மாவட்டத்தில், 1,909 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மோன் வான்டூ. ஆல்ப்ஸ் மலைகளோடு ஒப்பிட்டால் இந்த உயரம் பெரிதல்ல. ஆனால் ஆல்ப்ஸில் ஒரு சிகரத்தை அடுத்து இன்னொன்று நிற்கும். வான்டூ தனியாக, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த சமவெளியின் விளிம்பில் எழுந்து நிற்கிறது. அதனால் கீழே கிளம்பும் ஊருக்கும் உச்சிக்கும் இடையிலான உயர வேறுபாடு 1,600 மீட்டரை நெருங்குகிறது. அருகில் தடுப்பதற்கு வேறு மலை இல்லாததால், ரோன் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று உச்சியை நேரடியாகத் தாக்குகிறது. இந்த இரண்டுமே இம்மலையின் கடினத்துக்கு மூலகாரணங்கள்.

மூன்று பாதைகளில் எளியது கிழக்கே சோ என்னும் ஊரிலிருந்து கிளம்புவது. அந்த ஊரே 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஏற வேண்டிய உயரம் குறைவு; 26 கிலோமீட்டர் நீளத்தில் சராசரி ஏற்றம் 4.5 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஜூலையில் லாவெண்டர் வயல்கள் பூத்திருக்கும். வடமேற்கே மலோசேன் ஊரிலிருந்து வரும் பாதை 21 கிலோமீட்டர். சில இடங்களில் மூச்சுவிட இடம் தந்து, நடுவில் சில கிலோமீட்டர்களுக்கு 10 சதவீதத்தைத் தாண்டிச் செல்லும் ஒழுங்கற்ற ஏற்றம் அது. 1336ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று கவிஞர் பெத்ரார்க் தம் தம்பியுடன் இந்த மலோசேன் பக்கமிருந்துதான் நடந்து ஏறினார் என்று அவருடைய கடிதம் கூறுகிறது. வழியில் ஒரு முதிய ஆட்டிடையர், ஏறவேண்டாம் என்று அவர்களைத் தடுத்துப் பார்த்தாராம். இன்றும் மலையின் தெற்கே உள்ள பெதுவான் ஊரின் காப்பிக்கடைகளில் அந்த இடையரின் குரலில் பேசுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, தெற்கே பெதுவான் ஊரிலிருந்து ஏறுவது. பிரான்சைப் பல நாட்கள் சுற்றிவரும் தூர் தெ பிரான்ஸ் சைக்கிள் போட்டி இம்மலையை முதன்முதலில் 1951இல் கடந்தபோது மலோசேன் வழியாகவே ஏறியது. ஆனால் 1958 முதல் உச்சியில் முடிந்த அதன் ஒருநாள் கட்டங்களெல்லாம் பெதுவான் பாதையைத்தான் பயன்படுத்தின. நீங்கள் கேட்பது "எப்படியாவது உச்சியைப் பார்க்க வேண்டும்" என்பதற்காக என்றால் சோ பாதை போதும். மலையை அறிய வேண்டும் என்றால் பெதுவான்தான் என்பது என் கருத்து. ஆகவே அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

பெதுவானிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 21 கிலோமீட்டர். முதல் ஐந்தரை கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கும் செர்ரி மரங்களுக்கும் நடுவே மெல்ல உயர்ந்து செல்கிறது. 3, 4 சதவீத ஏற்றம். கால்கள் புதிதாக இருக்கும். உச்சியிலுள்ள கோபுரம் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் வேகமாகக் கடந்து செல்லும் குழுக்களைப் பார்த்தால் நாமும் சற்று அழுத்தலாம் என்று தோன்றும். அழுத்தாதீர்கள். இந்தப் பகுதியில் வேகமாகச் சென்று நீங்கள் மிச்சப்படுத்தக்கூடியது ஐந்து நிமிடம்கூட இல்லை; அதற்குக் கொடுக்கும் விலை காட்டில் அரை மணி நேரம்.

சான் எஸ்தேவ் என்னும் இடத்தில் சாலை இடப்புறமாகக் கூர்ந்து வளைகிறது. அந்த வளைவைத் தாண்டிய உடனே மலை தன் குணத்தைக் காட்டிவிடுகிறது. அங்கிருந்து 1,417 மீட்டர் உயரத்தில் உள்ள ஷாலே ரேனார் என்னும் இடம் வரை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டர் காடு. சராசரி 9 சதவீதத்துக்கு மேல், இடையிடையே 10, 11. ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஆல்ப் துயெஸ் ஏற்றத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் சாலை சற்றுத் தட்டையாகி, இரண்டு மூச்சு இழுத்துக்கொள்ள இடம் கிடைக்கும். வான்டூவின் காட்டில் அத்தகைய வளைவுகள் மிகக் குறைவு. நேராகவும் லேசாக வளைந்தும் சாலை மேலே போய்க்கொண்டே இருக்கும். மரங்கள் மறைப்பதால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரியாது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நடப்பட்டுள்ள கற்களில் உயரமும், வரவிருக்கும் ஏற்றத்தின் சதவீதமும் எழுதப்பட்டிருக்கும். அவற்றை வாசிப்பது சிலருக்கு ஊக்கம் தரும், நான் வாசிப்பதில்லை.

இந்தக் காட்டைக் கணக்காகப் பார்த்தால் சமதளப் பயிற்சி ஏன் போதாது என்பது புரியும். உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள், தண்ணீர், உடை எல்லாம் சேர்ந்து 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல 100 முதல் 120 வாட் வரை ஆற்றல் தேவைப்படும். அதே நீங்கள் இந்தக் காட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 180 வாட் தேவை. வேகத்தை 7 கிலோமீட்டராகக் குறைத்தால் 160 வாட் அளவில் போதும். ஆனால் காட்டைக் கடக்க மட்டும் 80 நிமிடம் பிடிக்கும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சமதளத்தில் பெடலை நிறுத்தினால் சைக்கிள் உருண்டுகொண்டே போகும். அந்தச் சிறு ஓய்வுகளை நாம் கவனிக்காமலேயே எடுத்துக்கொள்கிறோம். இங்கே பெடலை நிறுத்தினால் இரண்டு, மூன்று நொடிகளில் சைக்கிள் நின்றுவிடும். ஆகவே நீங்கள் பழக வேண்டியது தூரத்தை அல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல், நடுவில் ஒரு நொடிகூட விடாமல், சீரான அழுத்தத்தில் மிதிப்பதை. மலை கிடைக்காவிட்டால், எதிர்காற்றிலோ வீட்டுக்குள் ஓட்டும் பயிற்சிக் கருவியிலோ கனமான கியரில் 20 நிமிடம், பிறகு 30, பிறகு 45 என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

கியர் விஷயத்தில் கௌரவம் பார்க்க வேண்டாம். பெடலோடு சுழலும் முன்பற்சக்கரத்தில் 34 பற்கள், பின்சக்கரத்துப் பற்சக்கரங்களில் பெரியதில் 34 பற்கள் என்று இருந்தால், ஒருமுறை மிதிக்கும்போது சைக்கிள் ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். 8 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 63 சுற்று மிதிக்கலாம். பின்னால் 28 பற்கள்தான் இருக்கிறது என்றால் அதே வேகத்தில் 52 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். முதல் பத்து நிமிடத்தில் இந்த வேறுபாடு தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து வேறு எதுவுமே தெரியாது.

வெப்பத்தையும் இங்கேதான் கவனிக்க வேண்டும். தசைகள் 180 வாட் உழைப்பைத் தரும்போது உடல் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக வெப்பத்தை உண்டாக்குகிறது. சமதள வேகத்தில் எதிரே வரும் காற்று அதை எடுத்துச் சென்றுவிடும். 8 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்று ஒன்று இருக்காது, ஈக்கள்கூட நம்மை எளிதாக முந்தும். ஜூலை நண்பகலில் 30 பாகையைத் தாண்டும் வெயிலில் இது விளையாட்டல்ல. காலை ஏழு மணிக்குள் பெதுவானை விட்டுக் கிளம்பிவிடுங்கள். இரண்டு புட்டிகளையும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். பசிக்கும் வரை காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ பேரீச்சையோ உண்பது நல்லது.

ஷாலே ரேனாரில் உணவகம் ஒன்று உண்டு. சோ பாதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. அதன்பின் காடு முடிந்து, சுண்ணாம்புக் கற்கள் மட்டுமே பரந்து கிடக்கும் வெட்டவெளி தொடங்குகிறது. இந்த மொட்டைத்தன்மை முழுக்க இயற்கையின் வேலை அல்ல. பல நூற்றாண்டுகளாக மரங்களை வெட்டினார்கள்; தூலோன் கப்பல் கட்டும் தளத்துக்கும் இங்கிருந்து மரம் போனது; மிஞ்சியதை ஆடுகள் மேய்ந்தன. 1860களில் தொடங்கிய மறுநடவால் வந்ததுதான் கீழே நீங்கள் திட்டிக்கொண்டே ஏறிய காட்டின் பெரும்பகுதி. அட்லஸ் மலையின் தேவதாரு மரங்களும் அப்போது கொண்டுவரப்பட்டவைதாம்.

கடைசி 6 கிலோமீட்டரில் முதலில் ஏற்றம் சற்றுத் தணிந்து 7 சதவீத அளவில் இருக்கும். காட்டில் சக்தியைக் காத்தவர்களுக்கு இந்தப் பகுதி உண்மையில் இன்பம். உச்சிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் முன்னால், சாலையின் வலப்புறம், டாம் சிம்சனின் நினைவுக்கல் இருக்கிறது. 1965இல் உலகச் சாம்பியனான அந்த ஆங்கிலேய வீரர், 1967ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று, தூர் தெ பிரான்ஸின் 13ஆம் கட்டத்தில் இங்கே சரிந்து விழுந்து இறந்தார். வயது 29. கடும் வெயில், உடலில் நீர் வற்றியது, மது, ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து எல்லாம் சேர்ந்து நடந்த மரணம் அது. ஓட்டும்போது தண்ணீரைக் குறைவாகக் குடிப்பதே நல்லது என்ற தவறான எண்ணமும் அன்றைய வீரர்களிடையே நிலவியது. ஏறுபவர்கள் இன்றும் அங்கே தொப்பிகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அதைத் தாண்டியதும் வருவது கோல் தெ தாம்பேத், அதாவது புயல்களின் கணவாய். அதுவரை மலைமுதுகு மறைத்த வடகாற்று இங்கே பக்கவாட்டில் பாயும். 2016ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று உச்சியில் முடிய வேண்டிய தூர் தெ பிரான்ஸ் கட்டத்தைக் காற்றின் காரணமாக ஷாலே ரேனாரிலேயே முடித்தார்கள். உச்சிக்குப் போயிருக்க வேண்டிய கூட்டமும் கீழே வந்து குவிந்ததில் சாலை அடைபட்டு, ஒரு மோட்டார் சைக்கிள் மீது வீரர்கள் மோத, போட்டியில் முன்னணியில் இருப்பவருக்குரிய மஞ்சள் சட்டையோடு கிறிஸ் ஃபுரூம் என்ற வீரர் சைக்கிள் இல்லாமலேயே ஓடிய காட்சி அன்று நடந்ததுதான். தொழில்முறை வீரர்களுக்கே அந்த நிலை. கிளம்புவதற்கு முந்தைய இரவு, கீழே உள்ள ஊருக்கான வானிலையை அல்ல, உச்சிக்கான காற்று வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அந்தக் காற்று ஆபத்தானது. ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது பெதுவானில் ஒரு நாள் மட்டும் தங்காமல் மூன்று நாட்களாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2004இல் இபான் மாயோ என்ற ஸ்பானிய வீரர் பெதுவானிலிருந்து 56 நிமிடத்துக்குள் ஏறினார். உங்களைப் போன்ற ஒருவர் இரண்டரை மணி நேரத்தில் ஏறினால் அது நல்ல ஏற்றம். மூன்று மணி என்றாலும் குறையில்லை. மூன்று பாதைகளையும் ஒரே நாளில் ஏறுபவர்களுக்கென்றே 1988 முதல் ஒரு கிறுக்கர்கள் சங்கம் இருக்கிறது. அதன் பெயரே அப்படித்தான். அதற்கு 4,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். முதல் பயணத்தில் அந்த நினைப்பே வேண்டாம்.

உச்சி பெதுவானைவிட 10 பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும். வியர்வையில் நனைந்த உடலோடு அங்கே நின்றால் சில நிமிடங்களில் நடுக்கம் வந்துவிடும். சட்டைப் பையில் மடித்து வைக்கக்கூடிய காற்றுத்தடுப்பு மேலங்கியை, கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும், எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் வகை பிரேக் என்றால் சக்கரம் சூடேறுவது மெய்யான அபாயம். கைகள் களைத்திருந்தால் ஷாலே ரேனாரில் இடப்பக்கம் திரும்பி, சோ நோக்கி மென்மையாக இறங்கும் சாலையில் போய்விடலாம். ஆனால் தங்குமிடம் பெதுவானில் என்றால் அங்கிருந்து திரும்பி வர இன்னொரு நீண்ட சுற்று இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நவம்பர் நடுவிலிருந்து வசந்தம் வரை மேற்பகுதிச் சாலை பனியால் மூடப்பட்டிருக்கும். என் தேர்வு ஜூன் அல்லது செப்டம்பர். சொந்தச் சைக்கிளை விமானத்தில் சுமந்து வர வேண்டிய அவசியமில்லை. பெதுவானில் வாடகைக் கடைகள் உண்டு. முன்கூட்டியே எழுதி, உங்கள் உயரத்தையும் பின்சக்கரத்தில் 34 பற்கள் வேண்டும் என்பதையும் தெரிவித்துவிடுங்கள். பெடல்களை மட்டும் நீங்கள் பழகியவையாகக் கொண்டு வாருங்கள்.