ஒற்றைக் கை பெருத்த குட்டி நண்டு: அந்தக் கை எதற்கு?

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டு அலையாத்திக் காட்டில், சேற்றில் ஒரு கை மட்டும் பெருத்த குட்டி நண்டுகளைப் பார்த்தேன். அது ஊனமா? அந்தக் கையால் என்ன செய்யும்? சமைக்கலாமா?

சமையலை முதலில் முடித்துவிடுகிறேன். காரைக்குடிக்காரனுக்கு நண்டு என்றதும் புத்தி அடுப்படிக்குத்தான் போகும். ஆனால் இது ஆகாது. ஓடு ஓர் அங்குலம் இருந்தாலே பெரிய நண்டு. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் தொண்டிக்கார அக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் கொக்குக்குத் தீனி தம்பி, சட்டியில போட்டா ஓடுதான் மிஞ்சும்" என்றார். ரசத்துக்கு வயல் நண்டு, மிளகு மசாலாவுக்குக் கடல் நண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊனமும் இல்லை. அது பிடில் நண்டு, அதுவும் ஆண். உலகத்தில் சுமார் 100 இனங்கள் உண்டு. பெண்ணுக்கு இரண்டு கையும் சிறியவை. ஆணுக்கு ஒன்று மட்டும் வளர்ந்து, உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில இனங்களில் கிட்டத்தட்ட பாதி வரை போய்விடும். பெரும்பாலான இனங்களில் வலக்கைக்காரர்களும் இடக்கைக்காரர்களும் சரிபாதி.

அந்தப் பெரிய கை சாப்பிட உதவாது. கிட்டே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பெண் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிச் சேற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். ஆணுக்கு அந்த வேலைக்கு ஒரு கைதான். வாய்க்குள் இருக்கும் நுண்ணிய மயிர்கள் சேற்றை நீரில் அலசி, பாசியையும் நுண்ணுயிர்களையும் பிரித்து உள்ளே அனுப்பும். மிச்ச மண்ணை உருண்டையாக்கிக் கீழே வைத்துவிடும். வளையைச் சுற்றி மிளகளவில் சிதறிக் கிடக்கும் உருண்டைகள் இப்படி வந்தவைதான். வளை தோண்டிய மண் இதைவிடப் பெரிய கட்டிகளாக வெளியே வரும்.

அப்புறம் எதற்கு அந்தக் கை? பெண்ணைக் கூப்பிட, வளைக்காகச் சண்டை போட. நீர் வற்றியதும் ஆண்கள் தங்கள் வளை வாசலில் நின்று கையை உயர்த்தி இறக்கி ஆட்டும். ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வோர் ஆட்டு முறை. பெண் உடனே மயங்கிவிடாது. பல வளைகளுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றில் தங்கும். வெயிலில் உடம்பின் சூட்டை வெளியேற்றவும் அந்தக் கை உதவுகிறது என்று ஆய்வு இருக்கிறது. ஆனால் அது கூடுதல் லாபம்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் இதன் ஏமாற்று வித்தை. சண்டையிலோ பறவையிடமோ பெரிய கையை இழந்துவிட்டால், சட்டை உரிக்கும்போது அதே பக்கம் புதுக் கை முளைக்கும். சின்னக் கை பெரிதாகிவிடும் என்று பலர் சொல்வது சரியில்லை. சில இனங்களில் புதுக் கை நீளத்தில் பழையதற்குக் குறையாது, ஆனால் மெலிது, பல் இல்லாதது. பார்வைக்கு பர்மாத் தேக்கு, உள்ளே வைரம் கிடையாது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், எதிரி ஆண்கள் பார்வையை வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில்லை, பெண்களும் ஒதுக்குவதில்லை என்று தெரிந்தது. அடிதடி முற்றினால்தான் குட்டு உடையும். வடக்கு ஆஸ்திரேலியாவில் இன்னொரு கூத்து: பக்கத்து வளைக்காரனை வெளியாள் விரட்ட வந்தால், பெரிய ஆண் தன் வளையை விட்டு வந்து அவனுக்காகச் சண்டை போடுகிறது. பாசமெல்லாம் இல்லை. பழகிய சின்ன எதிரி, புதிய பெரிய எதிரியைவிட மேல், அவ்வளவுதான்.

"நண்டு கொழுத்தால் வளையில் தங்காது" என்பார்கள். இது கொழுத்தாலும் பெரும்பாலும் வளையை ஒட்டித்தான் மேயும். நண்டின் கண் உயரத்துக்குச் சில சாண் தள்ளிப் போனாலே வளை வாய் மறைந்துவிடும். அதனால் எந்தத் திசையில் எவ்வளவு நடந்தோம் என்று உடம்புக்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்கிறது. தரையில் போட்ட ஒரு தகட்டின் மேல் நிற்கும் நண்டை அந்தத் தகட்டோடு மெல்ல நகர்த்திவிட்டு விரட்டினால், கணக்குப்படி வளை இருக்க வேண்டிய இடத்துக்கு ஓடி, அங்கே தரையைத் துழாவும்.

இவ்வளவு தோண்டுவதால் சேற்றுக்குள் காற்றும் நீரும் இறங்கும், செடிகளின் வேருக்கு நல்லது. 1985இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உப்புச் சதுப்பில் சில இடங்களிலிருந்து இந்த நண்டுகளை அகற்றிப் பார்த்தார்கள். ஒரே பருவத்தில் அங்கே புல்லின் மேல் வளர்ச்சி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

மறுபடி போவதாக இருந்தால், தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போகும்போதே படகுக்காரர்களிடம் நீர் வற்றும் நேரத்தை விசாரித்துவிடுங்கள். அது தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். நீர் ஏறிய நேரத்தில் போனால் எல்லாம் வளைக்குள் இருக்கும். தன் கண்மட்டத்துக்கு மேலே அசையும் எதையும் இந்த நண்டு பறவையாகத்தான் எடுத்துக்கொள்ளும். நின்றுகொண்டு போனை நீட்டினால் ஒன்றும் மிஞ்சாது. உட்கார்ந்து, கையைக் காலை ஆட்டாமல் கொஞ்ச நேரம் இருங்கள், வெளியே வந்துவிடும். வளையை மட்டும் தோண்ட வேண்டாம். உள்ளே முட்டை சுமக்கும் பெண் இருக்கலாம். அது சுமார் இரண்டு வாரம் உள்ளேயே இருந்து, பெரிய ஏற்றம் வரும் இரவில் வெளியே வந்து, இறங்கும் நீரோடு குஞ்சுகளைக் கடலுக்கு விட்டுவிடும்.